சில்லுக்கு நேரே நிற்காதே

என் பிள்ளைக்கு, பக்கத்து அறையில் இருந்துகொண்டு அப்பா எழுதுவது.

நீ உடுப்புகளை அடுக்கும் சத்தம் இங்கே கேட்கிறது. சூட்கேஸை மூடுகிறாய், எதையோ மறந்துவிட்டாய் போல, மறுபடியும் திறக்கிறாய். நாலு எட்டு நடந்து வந்து சொல்லக்கூடிய விஷயத்தை இந்த மனுசன் ஏன் பக்கம் பக்கமாக எழுதுகிறான் என்று உனக்குத் தோன்றும். என் வாயை நான் நம்புவதில்லை, பிள்ளை. பத்து வருடமாக அதற்குச் சந்தர்ப்பம் கொடுத்துப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் அது வேறு எதையாவது கதைத்துவிட்டு வந்துவிட்டது. நீ தமிழ் வாசிக்கும்போது விரலை வைத்து எழுத்துக்கு எழுத்தாக, மெதுவாகத்தான் போவாய். அம்மா உன்னைச் சனிக்கிழமை தோறும் தமிழ் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனதால் அதாவது வருகிறது. இந்தக் கடிதத்துக்கு அந்த வேகம் போதும்.

இரண்டு கிழமைக்கு முன் நீ அந்தப் பழைய சிவப்புக் காரை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாய். "அப்பா, வல்-டோருக்குப் போற வழியிலை ஸ்னோவுக்கை கார் இறுகினால் நான் என்ன செய்யவேணும்? நீங்கள்தானே பெரிய டிரைவர், சொல்லுங்கோவன்" என்று கேட்டாய். நான் "பேந்து சொல்லுறன்" என்று பிறகுக்குத் தள்ளிவைத்தேன். "உங்கடை பேந்து எப்ப வரும்?" என்று சிரித்தாய். நீ பகிடியாகத்தான் கேட்டாய். ஆனால் இந்த வீட்டில் அந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவள் நீ இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடிய நீ வடக்கே வல்-டோர் ஊருக்கு, அந்த ஆஸ்பத்திரி வேலைக்குப் புறப்படுகிறாய். இன்று வெள்ளி. இனிமேல் தள்ளிப்போட நாள் இல்லை.

முதலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். உன் காரின் நாலு சில்லுக்கும் ஸ்னோ டயர் போட்டாயிற்று. போன வருடம் அரசாங்கம் அதைக் கட்டாயம் என்று சட்டமாக்கியபோது, "எனக்குக் கார் ஓட இவங்கள் படிப்பிக்கப்போறாங்களோ" என்று கத்தியவன் நான்தான். அதற்கு முந்திய வருடங்களில் முன்சில்லு இரண்டுக்கு மட்டும் போட்டு ஓடினேன். அது பிழை. முன்பக்கம் ரோட்டைப் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது, வளைவில் பின்பக்கம் உன்னை முந்திக்கொண்டு போகப் பார்க்கும். குளிரில் சாதாரண டயரின் ரப்பர் கட்டை மாதிரி இறுகிவிடும். ஸ்னோ டயரின் ரப்பர் எவ்வளவு குளிரிலும் மென்மையாக இருக்கும், அதனால்தான் அது பிடிக்கிறது. காற்றைக் குறைத்தால் பிடிப்புக் கூடும் என்று யாராவது சொன்னால் கேளாதே, அது கடற்கரை மணலுக்குச் சரி. குளிருக்குக் காற்றுத் தானாகவே இறங்கும், மாதம் ஒருமுறை பார்த்து நிரப்பு. வல்-டோர் வழியில் பெரிய காடு ஒன்று வரும். அதற்குள் மணிக்கணக்காக ஓடினாலும் ஒரு வீடு தெரியாது, கைத்தொலைபேசியும் வேலை செய்யாது. காட்டுக்குள் நுழையுமுன் பெட்ரோல் நிரப்பிக்கொள். பின்சீட்டில் உன் தடித்த கோட்டும் ஒரு போர்வையும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கார் இறுகினால் முதல் வேலை, ஒன்றும் செய்யாமல் இருப்பது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடு. சில்லு சுற்றச் சுற்ற அடியில் உள்ள பனி உருகும், உருகியது உடனே உறையும், பிறகு அந்தக் குழி கண்ணாடிக் கோப்பை மாதிரி வழவழவென்று ஆகிவிடும். இறங்கிப் பின்னால் போய்ப் புகைக்குழாயைப் பனி மூடியிருக்கிறதா என்று பார். மூடியிருந்தால் நஞ்சு காருக்குள் வரும், உனக்குத் தெரியவும் மாட்டாது, நித்திரை மாதிரித்தான் இருக்கும். பிறகு ஷவலை எடுத்து நாலு சில்லுக்கும் முன்னும் பின்னும் வெட்டு. காரின் வயிற்றுக்குக் கீழே இறுகியிருப்பதையும் வெட்டு. பனி வெட்டப் பஞ்சிப்பட்டுச் சோம்புபவர்கள்தான் பிறகு ஆக்ஸிலரேட்டரில் கோபத்தைக் காட்டுவார்கள். ஸ்டியரிங்கை நேராக்கு. டிக்கியில் ஒரு வாளி மண் வைத்திருக்கிறேன், அதைத் தூவு. பூனைக்குப் போடும் மண்ணும் நல்லது, ஆனால் ஈரத்தில் கட்டியாகும் வகையை வாங்காதே, அது சேறாகிவிடும். சுடுதண்ணீர் மட்டும் ஒருபோதும் ஊற்றாதே, ஊற்றியவன் சொல்கிறேன். எல்லாம் செய்தபிறகு கால் பெருவிரலால் மெல்லத் தொட்டு ஒரு சாண் முன்னுக்கு, ஒரு சாண் பின்னுக்கு என்று காரை ஆட்டி ஆட்டி எடு.

மண்வாளிக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் இரண்டு பிளாஸ்டிக் தட்டுகள் இருக்கின்றன. பல்லுப் பல்லாக இருக்கும், சில்லுக்கு அடியில் கொடுப்பதற்கு. அதைக் கொடுத்தால் சில்லு ஏறி வந்துவிடும். ஆனால் பிடிக்க முடியாததைச் சில்லு எறியும். முன்னுக்கு எடுத்தால் பின்னால் எறியும், பின்னுக்கு எடுத்தால் முன்னால் எறியும். ஆகவே சில்லுக்கு நேரே ஒருவரும் நிற்கக்கூடாது. தள்ளிவிட யார் வந்தாலும், எவ்வளவு அவசரமென்றாலும், அவர்களை முதலில் பக்கத்துக்கு விலகி நிற்கச் சொல். இந்த இடத்தை நான் மூன்று முறை எழுதி மூன்று முறை வெட்டினேன். எனக்கு இது எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய். அதைச் சொல்லத்தான் இத்தனையையும் எழுதினேன்.

யாழ்ப்பாணத்தில் நான் வாடகைக்கு மொரிஸ் கார் ஓடியவன் என்பது உனக்குத் தெரியும். தெரியாமல் இருக்க நான் விட்டேனா? வீட்டுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் சொன்னேன். மாரிகாலத்தில் சேற்று ஒழுங்கைகளில் மற்றவர்கள் திரும்பிப் போன இடமெல்லாம் நான் போவேன். அதன் வித்தை டிக்கியில் பாரம் ஏற்றுவது. அந்தக் காருக்குப் பின்சில்லுத்தான் இழுவை. பின்னால் பாரம் இருந்தால் சில்லு நிலத்தில் பதியும், கார் ஏறும். அந்த அறிவை அப்படியே மொன்றியலுக்குக் கொண்டுவந்தேன். லாசாலில் இந்த வீட்டுக்கு வந்து முதல் கார் வாங்கியபோது, குளிர் தொடங்கியதும் டிக்கியில் இரண்டு அரிசி மூட்டையை ஏற்றினேன். அரிசி முடிய முடிய வேறு மூட்டை வாங்கி வைத்தேன். நம்மாட்கள் பலர் என்னைப் பார்த்து அப்படியே செய்தார்கள். அதில் எனக்குப் பெருமை வேறு. இங்கத்தைய கார்களுக்கு முன்சில்லுத்தான் இழுவை. பின்னால் பாரத்தை ஏற்றினால் முன்பக்கம் இலேசாகிவிடும், இழுக்கவேண்டிய சில்லு பனியைத் தடவிக்கொண்டு சும்மா சுற்றும். இதை எனக்குச் சொல்லாமலும் இல்லை. மேல்வீட்டுக் கிழவர், நாங்கள் முசியே என்று கூப்பிடுவோமே, அவர் ஒருநாள் என் டிக்கியைப் பார்த்துவிட்டுக் குனிந்து முன்சில்லைத் தட்டி, "தெவான், தெவான்" என்று காட்டினார். முன்னால், முன்னால் என்கிறார். எனக்கு விளங்கியது. விளங்கியும், பனிக்குள் பிறந்த கிழவனுக்குச் சேற்றைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டு, "மெர்சி, மெர்சி" என்று நன்றி சொல்லி டிக்கியை மூடினேன்.

அம்மாவுக்குக் கார் ஓடப் பழக ஆசை இருந்தது. வந்த முதல் வருடமே கேட்டாள். பொதி கட்டும் தொழிற்சாலைக்கு இரண்டு பஸ் மாறிப் போவாள், குளிரில் தரிப்பிடத்தில் நின்று கண் இமை உறைந்து வருவாள். "என்னப்பா, நானும் பழகினால் என்ன?" என்றாள். "ஒரு வீட்டுக்கு ஒரு டிரைவர் காணும்" என்றேன். இரண்டாம் முறை கேட்டபோது, "பேந்து பாப்பம்" என்றேன். பிறகு அவள் கேட்கவில்லை. அதனால் எங்கள் கார் எங்கே இறுகினாலும் ஸ்டியரிங்கில் நான் இருப்பேன், தள்ளுவது அவளாக இருப்பாள். எங்கள் தெருவில் மற்ற வீடுகளில் அது நேர்மாறாக நடந்தது. மெல்லிய ஆள் காருக்குள், பலமான ஆள் வெளியே. அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், பிள்ளை, ஆனால் என்னைத் தவிர வேறொருவர் என் ஸ்டியரிங்கில் இருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

உனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அந்தச் சனிக்கிழமை, உன் சிநேகிதி பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியச் சடங்கு. அம்மா மூன்று நாளாகப் பலகாரம் சுட்டு, தட்டுகளில் அடுக்கி, அவற்றை மண்டபத்துக்கு நாங்கள்தான் கொண்டுவருவோம் என்று பொறுப்பெடுத்திருந்தாள். முதல்நாள் முழுக்கப் பனி கொட்டி விடியச் சரியான குளிர். பனி தள்ளும் வண்டி தெருவைச் சுத்தம் செய்த சாட்டில் எங்கள் காரைச் சுற்றி இடுப்பளவு கரை கட்டிவிட்டுப் போயிருந்தது. உன்னைப் படிக்கு உப்புப் போடும்படி அம்மா சொன்னாள். நீ பாவாடை கட்டிக்கொண்டே தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாய், ஓம் ஓம் என்றாய், போடவில்லை. இதுவரை நடந்தது உனக்குத் தெரியும். இதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்குத் தெரியாது.

நானும் அம்மாவும் வெளியே வந்தோம். அவள் பட்டுச்சேலையைப் பனிச் சப்பாத்துக்குள் சொருகி, மேலே பெரிய கோட்டுப் போட்டிருந்தாள். நல்ல நேரத்துக்கு அரை மணித்தியாலம்கூட இல்லை. கரையை அரைகுறையாக வெட்டினேன். முன்னால் வேறொரு கார் நின்றதால் பின்னுக்கு எடுத்துத்தான் வெளியே வரவேண்டும். சில்லு சும்மா சுற்றியது. கேத்திலில் கொதித்த தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினேன், ஒரு நிமிடத்தில் அது இன்னும் மோசமாக உறைந்தது. அப்போது நான் ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையில் வேலை, நினைவிருக்கும். காருக்குள் கிடந்த மரக்கறிப் பெட்டியை உடைத்து, தடித்த பலகை ஒன்றை எடுத்து முன்சில்லுக்குப் பின்பக்கமாகச் செருகினேன். "நீர் முன்னுக்கு நிண்டு பொனட்டைப் பிடிச்சுத் தள்ளும்" என்றேன். அம்மா போய் நின்றாள். "மற்றப் பக்கம். பலகை இருக்கிற பக்கம் நிண்டு தள்ளும்" என்று கத்தினேன். அவளை அந்த இடத்தில் நிறுத்தியவன் நான். "மெள்ள எடுங்கோப்பா" என்றாள். கண்ணாடிக்கு அப்பால் அவள் வாய் அசைந்தது இன்னும் தெரிகிறது. எனக்குக் காரில் கோபம், பனியில் கோபம், மேல்வீட்டு ஜன்னலில் நின்று பார்த்த முசியேயில் கோபம். ரிவேர்ஸ் போட்டு முழுக்காலாலும் மிதித்தேன். பலகை ஒரு கணம் பிடித்தது, பிறகு சில்லு அதை முன்னால் எறிந்தது. அம்மாவின் வலது முழங்காலுக்குச் சற்றுக் கீழே அடித்தது. அவள் கத்தவில்லை. பொனட்டில் கையை வைத்தபடியே கீழே போனாள். என் காரின் மூக்குக்கு முன்னால் அவள் இருந்த இடத்தில் ஒருவரும் இல்லை.

தூக்கிக் கொண்டுபோய்க் கடைசிப் படியில் இருத்தினேன். அந்த நேரம் பார்த்து, எங்களோடு சேர்ந்து மண்டபத்துக்குப் போகவென்று ராணி அன்ரியும் புருஷனும் வானில் வந்து இறங்கினார்கள். "ஐயோ, என்ன நடந்தது?" என்று அன்ரி ஓடிவந்தாள். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். என்னத்தைக் கண்டாளோ தெரியாது. "படியிலை வழுக்கிப்போட்டுது" என்றாள். அந்த நிமிடம் எனக்கு முதலில் வந்தது நிம்மதி, பிள்ளை. மனைவி நோவில் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், எனக்கு நிம்மதி. பெரிய டிரைவர் தன் பெண்சாதியையே அடித்துவிட்டான் என்று மண்டபம் முழுக்கக் கதைக்கமாட்டார்கள். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்களே, விழுந்தது அவள், மீசையைத் தடவியது நான். பலகையைக் காலால் காருக்குக் கீழே தள்ளினேன். அப்போதுதான் நீ பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாய். அம்மா படியில் இருப்பதைக் கண்டாய். உன் கண் நேரே படியில் இருந்த பனிக்குப் போனது.

ஆஸ்பத்திரியில் எங்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. வழக்கம்போல நீதான் எங்கள் வாய். டொக்டர் கேட்டதை நீ தமிழில் சொன்னாய், "எப்பிடி விழுந்தவா எண்டு கேக்கிறார்." நான் அம்மாவைப் பார்க்காமல், "படியிலை வழுக்கி விழுந்தவா எண்டு சொல்லு" என்றேன். நீ சொன்னாய். என் பொய்யை உன் வாயால் பிரெஞ்சில் சொல்லவைத்தேன். அம்மாவின் காலில் கண்டல் ஒரு கோடு போட்டதுபோல் நேராக இருந்தது. டொக்டர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஏதாவது வந்து அடித்ததா என்று கேட்கச் சொன்னார். நீ கேட்டாய். "இல்லை" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. பிறகு உன்னைக் கதவுப் பக்கமாகக் கூட்டிக்கொண்டுபோய் மெதுவாக ஏதோ கேட்டார். நீ இல்லை இல்லை என்று தலையை ஆட்டினாய், அழுதாய். என்ன கேட்டார் என்று நான் இன்றுவரை உன்னைக் கேட்கவில்லை. நான் அம்மாவுக்கு அடிக்கிறவனா என்று கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். நீ எனக்காகவும் வாதாடிவிட்டுத் திரும்பி வந்து, "அப்பா, நான் உப்புப் போடேல்லை. அதாலையோ?" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்குக் கட்டாயம் நினைவிருக்கும். "இனியாவது சொன்ன வேலையைச் சொன்ன நேரத்திலை செய்" என்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஆகப் பெரிய பாவம் பலகையைச் செருகியது இல்லை, இந்த ஒரு வசனம்தான்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடையது பத்து வருடம் நின்றது, ஏனென்றால் அதைக் காவல் காத்தவள் நீ. ஒவ்வொரு மாரியிலும் எங்கள் எல்லோருக்கும் முன்னால் எழும்பிப் படிக்கு உப்புப் போட்டாய். பனி இல்லாத நாளிலும் போட்டாய். உன் விரல்கள் வெடித்து இரத்தம் கசிந்தது. உப்புத் தின்று படி உதிர்கிறது என்று வீட்டுக்காரன் வந்து சண்டை பிடித்தான். பரீட்சை நாளில்கூட நீ முதலில் உப்பு, பிறகு புத்தகம். அம்மா ஜன்னலால் உன்னைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கால் எலும்பு சரியாகப் பொருந்தாமல் நொண்டியாகி, அவளால் நின்று வேலை செய்ய முடியாமல் போய், தொழிற்சாலையை விட்டுவிட்டு வீட்டில் தையல் தைத்துக்கொண்டிருந்த காலம் அது. "இஞ்சாருங்கோ, அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்கோ" என்பாள். "பேந்து, கொஞ்சம் வளரட்டும்" என்பேன். அடுத்த வருடம் மறுபடி கேட்பாள். ஒருமுறை கோபத்தில், "அப்ப நீரே சொல்லுமன்" என்றேன். "நான் சொன்னால் நீங்கள் அவளுக்குப் பொய்யனாய்ப் போயிடுவியள். நீங்களாய்ச் சொன்னால் அப்பாவாய் இருப்பியள்" என்றாள். உன்னைக் கார் பழகும் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அவள் நொண்டி நொண்டிப் போனாளே, அன்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. 

இந்தச் சித்திரையில் இதயம் நின்று அம்மா போய்விட்டாள். முப்பத்தோராம் நாள் கிரியையான அந்தியேட்டி அன்று, நான் சாமியறையில் ஐயருக்குத் தட்சணை எடுத்துக்கொண்டிருந்தேன். நீ சமையலறையில் ராணி அன்ரியின் கையைப் பிடித்துக்கொண்டு கதைத்தது கேட்டது. "அன்ரி, அம்மா நொண்டினது என்னாலை. நொண்டாமல் இருந்திருந்தால் நடந்திருப்பா. நடந்திருந்தால் சலரோகம், அந்தச் சீனி வருத்தம், இவ்வளவு ஏறியிராது, இதயமும் இப்பிடிப் பழுதாகியிராது. எல்லாத்துக்கும் அண்டைக்கு நான் போடாத உப்புத்தான்." நீ தாதியாகப் படித்த படிப்பையெல்லாம் சேர்த்து உனக்கே குற்றம் சாட்டிக்கொண்டிருந்தாய். நான் வெற்றிலைத் தட்டோடு நின்றேன். நாலு எட்டு வைத்திருந்தால் உன்னிடம் வந்திருப்பேன். பால்கனிக்குப் போய்விட்டேன். மொன்றியலிலேயே வேலை கிடைத்திருந்தும் நீ பிறகு வல்-டோரைப் பிடித்துக்கொண்டது ஏன் என்று எனக்கு அதை வைத்துத்தான் விளங்கியது. நீ இந்தப் படியைப் பார்க்காமல் இருக்கப் போகிறாய்.

போன ஞாயிறு நான் ராணி அன்ரி வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டு கேட்டாள், ஆச்சரியப்படவில்லை. "அண்டைக்கே தெரியும் அண்ணை. காருக்குக் கீழை பலகை கிடந்ததைக் கண்டனான். உங்கடை வீட்டுக் கதை எண்டு விட்டிட்டன்" என்றாள். பத்து வருடமாக நான் யாருக்கு மறைத்தேனோ, அவர்களுக்கு முதல்நாளே தெரிந்திருக்கிறது. "அந்தியேட்டியிலை அந்தப் பிள்ளை அழேக்கை என்ரை வாய் வரைக்கும் வந்தது. தகப்பன் உயிரோடை இருக்கேக்கை நான் ஆர் சொல்ல எண்டு விழுங்கிப்போட்டன். பிள்ளைக்குச் சொல்லிப்போட்டியளோ?" என்றாள். "இல்லை" என்றேன். கத்தியைக் கீழே வைத்தாள். "அப்ப ஏன் என்னட்டை வந்தனீங்கள்? எனக்குச் சொல்லி ஆருக்கு என்ன பிரயோசனம்? கோப்பி கீப்பி ஒண்டும் இல்லை, எழும்பி வீட்டை போங்கோ" என்றாள். அந்த வீட்டில் எனக்குக் கோப்பி தராமல் அனுப்பியது அதுதான் முதல் தரம்.

ஆகவே, பிள்ளை, எழுத்தில் தருகிறேன், வடிவாக வாசி. அம்மா படியில் விழவில்லை. அன்று அவள் கால் அந்தப் படியில் வழுக்கவே இல்லை. உப்பைப் பற்றி இன்னொன்றும் சொல்லலாம், அன்று இருந்த குளிருக்கு உப்பு வேலை செய்திராது, மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் பனி உருகியிராது. ஆனால் அந்தச் சாட்டால் நீ பாதி தப்புவதை நான் விரும்பவில்லை. நீ முழுதாகத் தப்பவேண்டும். பலகையைச் செருகியது நான், அவளை அதற்கு நேரே நிறுத்தியது நான், மிதித்தது நான், உன்னிடம் மறைத்தது நான். கால், நடை, சலரோகம், இதயம் என்று நீ ஒரு தொடர் சொன்னாயே, அது சரியா பிழையா என்று எனக்குத் தெரியாது. சரியென்றால் அதன் தொடக்கத்தில் நிற்பது என் கால், உன் கை இல்லை. நீ பன்னிரண்டு வயதில் ஒரு வேலையை மறந்தாய். எல்லாப் பிள்ளைகளும் மறக்கிற வேலை அது. அதனால் ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு ஆசைதான். கேட்டால் நீ உடனே "பரவாயில்லை அப்பா" என்று சொல்லிவிடுவாய், அது உன் குணம், டொக்டருக்கு முன்னால் எனக்காகத் தலையாட்டிய அதே குணம். அதனால் இன்று கேட்கவில்லை. நீ என்னோடு கதைக்காமல் வல்-டோருக்குப் போனாலும் அது நியாயம். இந்தக் கதையை யாருக்கும் சொல்லலாம், தமிழிலும் சொல்லலாம், பிரெஞ்சிலும் சொல்லலாம். என் பெயரைக் காப்பாற்றுகிற வேலை உனக்கு இனி இல்லை. இதைக் காருக்குள் வைத்துவிட்டால் நீ போகும் வழியில் எங்கேயோ எடுத்து வாசிப்பாய் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அந்தக் காட்டு ரோட்டையும், ஸ்டியரிங்கில் உன்னையும், உன் காலில் ஏறப்போகும் கோபத்தையும் நினைத்துப் பார்த்தேன். அந்தக் கோபம் கார் ஓடினால் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

அதனால்தான் இரண்டு நாள் முன்னதாக, இப்போதே, கையில் கொண்டுவந்து தருகிறேன். நீ வாசித்து முடிக்கும்வரை உன் அறை வாசலில் நிற்பேன். உள்ளே வரச் சொன்னால் வருவேன், போகச் சொன்னால் போவேன், கத்தினால் கேட்டுக்கொண்டு நிற்பேன். என்ன செய்தாலும் செய், பிள்ளை. இன்றைக்கு மட்டும் கார்ச் சாவியைத் தொடாதே.